சாதாரண மனிதன் எழுபத்தொன்று

சமுகமளித்தோர்:

மிஸ்யூ பிளமொந்தோன், மொன்றியல் நாரைகள் கழகத்தின் தலைவர். குவார்ட்டர்பாக் தேடற்குழுவின் தலைவரும் அவரே.

ஹாலோவே, தலைமைப் பயிற்றுநர். அலபாமாக்காரர். அதை ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டுபவர்.

மதாம் ரொபித்தாய், பிரசன்ன நிபுணர். ஒருவர் அறைக்குள் நுழையும்போது அறைக்கு என்ன நடக்கிறது என்பதை அளப்பவர்.

வித்தியா, அளவீட்டுப் பொறுப்பாளர்.

எமிலியானுஸ், களஞ்சியப் பொறுப்பாளர், கதிரைகளை அடுக்கியவர். அதாவது நான்.

டனிஸ்ரன், விண்ணப்பதாரர். இவருடைய பெயர் முதலில் இந்தப் பட்டியலில்தான் இருந்தது. பிறகு அதை வெட்டி, 'கூட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட பொருட்கள்' என்ற தலைப்பின் கீழ், திரைக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் நடுவில் எழுதினார்கள்.

டனிஸ்ரனுக்கு அது பழக்கம். கழகத்தின் பதிவேட்டில் அவன் ஐந்து வருடமாகப் பொருள்தான். என் களஞ்சியத்தில், பந்துக்குக் காற்றடிக்கும் பம்புக்கு அடுத்த வரியில் இருந்தான். ஒவ்வொரு காலையும் கையெழுத்து வைத்து அவனை வெளியே விடுவதும் பின்னேரம் திருப்பி எடுப்பதும் என் வேலை. அதற்குமுன் பாண் பேக்கரி ஒன்றில் பதினொரு வருடம் இரவு வேலை செய்தவன் நான். மாவுக்கும் மனிதருக்கும் ஒரே படிவம் என்பது எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

ஒரு மனிதன் எப்படிப் பம்புக்கு அடுத்த வரிக்கு வந்தான் என்பதைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

இந்த ஊர் புட்போலில் பந்து முட்டை வடிவம். காலால் அடிப்பது குறைவு. அணியில் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவன் பந்தை வாங்கி, இன்னொருவன் ஓடிப்போய்ச் சேரப்போகிற இடத்தைப் பார்த்து எறிகிறான். அவன்தான் குவார்ட்டர்பாக். வென்றால் அவன் படத்தை பஸ் தரிப்பிடங்களில் ஒட்டுவார்கள். தோற்றால் அதே படத்துக்கு மீசை கீறுவார்கள். நாரைகள் கழகத்தில் ஒன்பது வருடமாக மீசை மட்டும்தான். அந்த ஒன்பது வருடத்தில் பதினான்கு குவார்ட்டர்பாக்குகள் வந்து போனார்கள். மூன்றாம் வருடம் வந்தவர் எதிரணிக்காரனிடம் பந்தை நேராகக் கையில் கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

அதன் பிறகுதான் தேடற்குழு அமைந்தது. உயர்தரமான குவார்ட்டர்பாக் ஒருவரைக் கண்டெடுப்பது அதன் நோக்கம். முதல் வருடம் குழு எவரையும் தேடவில்லை. உயர்தரம் என்றால் என்ன என்று வரையறுத்தது. அதற்காக மூன்று தடவை ஏரிக்கரை விடுதிகளுக்குப் போய் வந்தார்கள். நான் கதிரைகளோடு லொறியில் பின்னால் போனேன். முடிவில் வந்த வரையறை இது: உயர்தரக் குவார்ட்டர்பாக் என்பவர் சாதாரண மனிதரிலும் பத்து வீதம் கூடியவர்.

எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதுதான் வித்தியா ஒரு கேள்வி கேட்டாள். மொன்றியலின் கர்க்லாண்டில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கணிதத்தில் இரண்டு பட்டம் எடுத்தவள். வேலைக்கு வந்து அப்போது ஒரு மாதம்தான். சாதாரண மனிதர் எவ்வளவு என்று கேட்டாள்.

ஒருவரையொருவர் பார்த்தார்கள். அங்கிருந்தவர்களில் எவரையும் சாதாரணம் என்று சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. கூட்ட அறையின் கண்ணாடிக்கு அப்பால், காற்று ஊதிய பயிற்சிக் கூடாரத்துக்குள், ஒருவன் தனியாகப் பந்து எறிந்துகொண்டிருந்தான். அது டனிஸ்ரன். வயது இருபத்துநான்கு. பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டுப் பயிற்சி முகாமுக்கு வந்தவன். முகாம் முடிந்து இரண்டு மாதமாகியும் அவனை எடுத்தோம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதனால் தினமும் வந்துகொண்டிருந்தான்.

யார் அது என்று பிளமொந்தோன் கேட்டார். தெரியாது, ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருந்து மெற்றோவில் வருகிறவன் என்றார் ஹாலோவே. அப்படியானால் சாதாரணம்தான் என்றார் பிளமொந்தோன்.

ஒரு பழைய கார் ரயரைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார்கள். இருபது யார், முப்பது யார், நாற்பது யார் என்று கஜக் கணக்குத் தூரங்களிலிருந்து நூறு பந்துகள் அதற்குள்ளால் எறியச் சொன்னார்கள். எழுபத்தொன்று உள்ளே போனது. வித்தியா எழுதிக்கொண்டாள்: சாதாரண மனிதன், எழுபத்தொன்று.

ஆகவே உயர்தரம் என்பது எழுபத்தொன்பது. அன்று மாலையே தீர்மானம் நிறைவேறியது.

விளையாட்டு வீரர் பட்டியலில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அளப்பதற்காக ஒரு இடத்தை வீணாக்க முடியாது என்று டனிஸ்ரனை என் பதிவேட்டில் சேர்த்தார்கள்: 'அளவுகோல், ஒன்று.'

பிறகு உலகம் வரத் தொடங்கியது. டெக்சாஸிலிருந்து ஒருவன் வந்தான். ஆறரை அடி. அவனுக்காக அவன் தாய் அரை மணித்தியாலம் பேசினார். அவன் எறிந்தது ஐம்பத்தெட்டு. பின்லாந்திலிருந்து ஈட்டி எறிகிறவன் ஒருவன் வந்தான். நாற்பத்துநான்கு ரயருக்குள்ளால் போனது, ஒன்று கூடாரத்தின் கூரைக்குள்ளால் போனது. தன் வாழ்க்கையைப் படம்பிடிக்கிற ஆட்களைக் கூடவே கூட்டிவந்த ஒருவன் முப்பத்தொன்பது எறிந்துவிட்டு, காற்றுச் சரியில்லை என்றான். கூடாரத்துக்குள் காற்று வீசுவதில்லை. ஆனாலும் குழு அதை நியாயமான முறைப்பாடாக எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. ஒவ்வொரு விண்ணப்பதாரர் எறியும் நாளிலும், அதே குளிரில், அதே பந்துகளால், சாதாரண மனிதனும் முதலில் நூறு எறிய வேண்டும். அன்றைய எண்ணிக்கைதான் அன்றைய அளவு.

இருநூற்றுப் பதின்மூன்று விண்ணப்பதாரர்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் டனிஸ்ரன் நூறு பந்து எறிந்தான். எழுபதுக்குக் கீழே போனது மூன்று நாள்கள் மட்டும். அந்த மூன்று நாளும் அவனுக்குக் காய்ச்சல்.

நகரசபை மண்டபத்தில் நடந்த வருடாந்த விருந்தில் பிளமொந்தோன் பேசினார். பிரெஞ்சில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

"சாதாரண மனிதன் இந்த நாட்டில் எவ்வளவு நன்றாக இருக்கிறான் என்பதற்கு எங்கள் கழகம் சாட்சி. அவன் எழுபத்தொன்று எறிகிறான், சில நாள்களில் எழுபத்தைந்து. கவலைக்கிடமாக இருப்பது உயர்தர மனிதன்தான். அவன் அறுபதைத் தாண்டுவதில்லை. உலகத்தின் இந்த வீழ்ச்சிக்கு எங்கள் கழகம் பொறுப்பாளி ஆகாது. நாங்கள் அளக்கிறோம், அவ்வளவுதான்."

மறுநாள் பத்திரிகைகள் அவருடைய துணிச்சலைப் பாராட்டின.

மதாம் ரொபித்தாயின் சோதனை வேறு விதம். பதினொரு ஊழியர்கள் மதியச் சாப்பாடு சாப்பிடும் அறைக்குள் விண்ணப்பதாரர் நுழைய வேண்டும். எத்தனை பேர் கரண்டியைக் கீழே வைக்கிறார்கள் என்று அவர் எண்ணுவார். இதற்கும் ஓர் அளவு வேண்டுமே. டனிஸ்ரனை நுழையவிட்டார்கள். ஒரு கரண்டி கீழே போனது. அது என்னுடையது. அவன் சாப்பிட்டானா என்று கேட்கத்தான் வைத்தேன். சாதாரண மனிதன், கரண்டி ஒன்று என்று பதிந்தார்கள். உயர்தரத்துக்கு ஒன்று தசம் ஒன்று கரண்டி தேவைப்பட்டது. அந்தத் தசம் ஒன்றை எப்படிக் கீழே வைப்பது என்று ஒரு உபகுழு இன்னும் ஆராய்கிறது.

நான் ஒருநாள் வித்தியாவைக் களஞ்சியப் பக்கம் மறித்துக் கேட்டேன்.

"பிள்ளை, இதில ஒரு பிழை இருக்கிறது உமக்கு விளங்கேல்லையோ?"

"விளங்குது அங்கிள். அளக்கத் தொடங்கின ரெண்டாம் கிழமையே விளங்கினது."

"பேந்தென்ன, சொல்லுறதுதானே."

"சொன்னனான். நாலு பக்கம் எழுதிக் குடுத்தனான். அளவுகோல் இவ்வளவு உறுதியா நிக்குதெண்டு அவைக்குச் சரியான சந்தோசம்." அவள் கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு புரமோசன் தந்தவை."

டனிஸ்ரனுக்கு வேண்டியது ஒன்றுதான். ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் விளக்கை அணைத்துப் புகை விடுவார்கள். வீரர்களின் பெயரை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் கேட்டவன் புகைக்குள்ளால் ஓடி வருவான். அப்படி ஒருமுறை அவன் பெயர் வாசிக்கப்பட வேண்டும். அவன் அப்பா இருக்கையில் இருக்கும்போது வாசிக்கப்பட வேண்டும்.

அப்பா அம்புறோஸ் மன்னாரிலிருந்து வந்தவர். லவாலில் பாடசாலை பஸ் ஓட்டுகிறார், அந்தப் பெரிய மஞ்சள் பஸ். இந்த விளையாட்டின் விதிகள் அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் ஐந்து வருடமாக மொன்றியலில் நடக்கும் எல்லா ஆட்டத்துக்கும் ரிக்கெற் எடுத்து வந்தார். பெயர்கள் வாசித்து முடியும்வரை எழும்பி நிற்பார். முடிந்ததும் இருப்பார். அதன்பிறகு நடக்கும் ஆட்டம் அவருக்குப் பொருட்டில்லை. வீட்டுக்கு வந்து, உன்ர பேர் எப்ப வரும் என்று கேட்பார். அடுத்த வருசம் அப்பா என்பான் இவன். மகன் அளவுகோல் என்பது அவருக்குத் தெரியும். அதை ஏதோ பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் டனிஸ்ரனுக்கு இருபத்தொன்பது. வலது தோள்மூட்டு குளிர் நாள்களில் கரகரத்தது. நான் கழகத்தின் வைத்தியரிடம் அனுப்பினேன். வீரர்களை மட்டும்தான் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். பொருட்களுக்கு வேறு படிவம். அதையும் நிரப்பினேன். பழுது: தோள். தேவையான உதிரிப்பாகம்: இல்லை. அடுத்த வருட ஒதுக்கீட்டில் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் பார்த்த பிறகுதான் அவன் குவார்ட்டர்பாக் பதவிக்கு விண்ணப்பித்தான். கையில் இன்னும் ஒரு வருட எறிதான் இருக்கிறது அங்கிள் என்றான். இந்த வருடப் பட்டியலில் பெயர் வராவிட்டால் இனி வராது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

முதலில் சொன்ன கூட்டம் அந்த விண்ணப்பத்துக்காகக் கூடியது.

ஹாலோவே முதலில் பேசினார். இந்தப் பையனை ஐந்து வருடமாகத் தினமும் பார்க்கிறேன், இவனிடம் ஏதாவது இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்காதா என்றார். குவார்ட்டர்பாக் விளைவதற்கு வெயில் வேண்டும், அலபாமாவில் அது உண்டு என்றும் சொன்னார். இவர் உள்ளே வந்ததே எனக்குத் தெரியவில்லை, ஆகவே பிரசன்னம் போதாது என்றார் மதாம் ரொபித்தாய்.

பிளமொந்தோன் கையை உயர்த்தினார்.

"நாங்கள் நீதியானவர்கள். எவருக்கும் கதவு திறந்திருக்கிறது. டனிஸ்ரன் சாதாரண மனிதனிலும் பத்து வீதம் கூடுதலாக எறியட்டும். நாளைக்கே எடுத்துக்கொள்கிறோம்."

வித்தியா மெதுவாகச் சொன்னாள், சாதாரண மனிதன் இவர்தான் என்று. அப்படியானால் போட்டி கடினமாக இருக்கும் என்றார் பிளமொந்தோன்.

அன்றைக்கு மட்டும் வேறொருவரைச் சாதாரண மனிதனாக வைக்கலாமா என்று அவள் கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூடாரத்துக்குப் போய் நூறு எறிந்தேன். ஆறு உள்ளே போனது, அதில் ஒன்று நிலத்தில் பட்டுத் துள்ளிப் போனது. குழு திரும்பக் கூடியது. சாதாரண மனிதன் ஆறு என்று வைத்தால் இதுவரை வந்த இருநூற்றுப் பதின்மூன்று பேரும் உயர்தரம் ஆகிவிடுவார்கள் என்று வித்தியா கணக்குச் சொன்னாள். பிளமொந்தோன் நடுங்கிப்போனார். எல்லாரும் உயர்தரம் என்றால் கழகத்துக்கு என்ன மரியாதை என்று கேட்டார். அந்த யோசனை கைவிடப்பட்டது.

முடிவு இப்படி வந்தது. வரும் செவ்வாய் காலை பத்து மணிக்கு டனிஸ்ரன் சாதாரண மனிதனாக நூறு எறிய வேண்டும். பதினொரு மணிக்கு விண்ணப்பதாரராக இன்னொரு நூறு. இரண்டாவது முதலாவதிலும் பத்து வீதம் கூட வேண்டும். விண்ணப்பதாரரின் குடும்பத்தினர் வந்து பார்க்கலாம்.

திங்கட்கிழமை நான் அவனுக்குச் சொன்னேன்.

"முதல் நூறில ரயரை விட்டு விலத்தி எறியும். ஒரு அம்பது காணும். கையை ரெண்டாவதுக்கு வைச்சிரும்."

"ஓம் அங்கிள். நானும் அதைத்தான் யோசிச்சனான்."

"பேந்து மறந்து போகாதையும்."

"பிழையா எறியிறது என்ன பெரிய வேலையே?" என்று சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குக் கூடாரத்துக்கு முன்னால் மஞ்சள் பஸ் வந்து நின்றது. பிள்ளைகளை இறக்கிவிட்டு அம்புறோஸ் நேரே வந்திருந்தார். பாடசாலை விடும்வரை அவருக்கு ஓய்வு. ஓட்டுநர் ஜக்கெற்றோடு, எறிகிற கோட்டுக்குப் பத்தடி தள்ளி, நான் போட்ட கதிரையின் நுனியில் இருந்தார். மகன் எறிவதை இவ்வளவு கிட்ட நின்று அவர் பார்த்ததில்லை. உண்மையில் அவன் எறிவதையே அவர் பார்த்ததில்லை. ஆட்டங்களில் அவன் களஞ்சியத்தில் என்னோடு இருப்பான்.

முதல் பந்து ரயருக்கு இடப்பக்கமாக ஒரு யார் தள்ளிப் போனது. இரண்டாவது வலப்பக்கமாக.

அம்புறோஸ் சத்தம் போடவில்லை. பூசை நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"பரவாயில்லை ராசா. பதறாத. நான் இருக்கிறன்தானே."

டனிஸ்ரன் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து மூன்றாவது பந்தை எடுத்தான். அது ரயரின் நடுவால் போனது. விளிம்பில்கூடப் படவில்லை. ஒண்டு என்றார் அம்புறோஸ். நாலாவது போனது. ரெண்டு. நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், பந்துக்கூடையை வைப்பதுபோல் அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்றேன். அவன் என்னைச் சுற்றிப்போய் நின்று எறிந்தான். நாற்பது யாருக்குப் போகும்போது அம்புறோஸ் எழும்பி நின்றுவிட்டார். எண்ணிக்கை தமிழில் கூடாரம் முழுக்கக் கேட்டது. அவர் குரலில் கொஞ்சம் அழுகை இருந்தது, எண்ணிக்கையில் பிழை இருக்கவில்லை.

எண்பத்துமூன்று. அதுவரை அந்தக் கூடாரத்தில் எவரும் எறியாதது.

ஹாலோவே தொலைபேசியில் இருந்தார். மதாம் ரொபித்தாய் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது நுழைகிறார்களா என்று. வித்தியா மட்டும் பேனையைக் கீழே வைத்துவிட்டு இருந்தாள். எண்பத்துமூன்றோடு பத்து வீதம் கூட்டினால் தொண்ணூற்றிரண்டு என்பது எனக்கே மனக்கணக்கில் வந்தது.

பதினொரு மணிக்கு இரண்டாவது நூறு தொடங்கியது. அறுபதாவது பந்துவரை நாற்பத்தெட்டு. அறுபத்தோராவது பந்தை எறிந்தபோது ஒரு சத்தம் கேட்டது. சங்கிலி அறுகிறது, போய்ப் பார் என்றார் ஹாலோவே என்னிடம். போய்ப் பார்த்தேன். சங்கிலி நன்றாக இருந்தது. டனிஸ்ரன் மிச்ச முப்பத்தொன்பதையும் எறிந்தான். விதிப்படி நூறும் எறியாவிட்டால் விண்ணப்பமே செல்லாது. அவற்றில் மூன்று உள்ளே போனது.

ஐம்பத்தொன்று என்று வாசித்தாள் வித்தியா.

"நீதியாக நடந்தது" என்றார் பிளமொந்தோன். "அவரை அவரே வென்றார். குழு இதில் தலையிடவில்லை."

பிறகு அவர் அம்புறோஸிடம் வந்து கையைக் குலுக்கினார். உங்கள் மகன் எங்களுக்கு இன்றியமையாதவர் என்று பிரெஞ்சில் சொன்னார். அம்புறோஸுக்கு அந்த அளவு பிரெஞ்சு நன்றாகத் தெரியும். மெர்சி மிஸ்யூ, மெர்சி என்று நன்றி சொல்லி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் நூறுதான் சோதனை, இரண்டாவது சும்மா பயிற்சி என்று அவர் விளங்கியிருந்தார். எண்ணினது அவர், எண்பத்துமூன்றைக் கண்ணால் கண்டது அவர். யார் என்ன சொல்லி மாற்றுவது? டனிஸ்ரன் பஸ்வரைக்கும் கூடப் போனான். அவன் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை என்பது திரும்பி வந்த முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பிறைஸ் என்று ஒருவன் வந்தான். ஹாலோவேயோடு ஒன்றாகப் படித்தவரின் மகன். நல்ல பல். அன்று காலை டனிஸ்ரன் வலது தோளை இறுகக் கட்டி, இடது கையால் பந்துக்கூடையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றான். எறியாவிட்டால் பழுது என்று எழுதி நிறுத்திவிடுவார்கள் என்றான். நான் கையெழுத்து வைத்து வெளியே விட்டேன்.

சாதாரண மனிதன் நாற்பத்தொன்று. பிறைஸ் நாற்பத்தேழு.

வித்தியா கணக்கை மூன்று தரம் போட்டாள். பதினான்கு தசம் ஆறு வீதம் கூடுதல் என்றாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிளமொந்தோன் அப்படியே கதிரையில் இருந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒன்பது வருடம் என்றார். மதாம் ரொபித்தாய், அறை மாறிவிட்டது, உணர்கிறீர்களா என்று எல்லாரிடமும் கேட்டார். இதே பிறைஸ் முந்திய மூன்று வருடமும் வந்து நாற்பத்தேழே எறிந்துவிட்டுப் போனவன் என்று வித்தியா சொல்லப் பார்த்தாள். நிலைத்தன்மை என்று ஹாலோவே அதையும் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை வானொலியில் பிளமொந்தோன் பேசினார். தேடல் முடிந்தது, இந்தக் கிழமை எங்கள் கூடாரத்துக்குள்ளேயே அவரைக் கண்டெடுத்தோம், பெயரைத் திங்கட்கிழமை ஒரு மணிக்கு வாசிப்போம் என்றார். லவாலில் ஒரு சமையலறையில் அம்புறோஸ் அதைக் கேட்டார்.

திங்கட்கிழமை காலை எனக்குக் கடிதம் வந்தது. இலக்கு எட்டப்பட்டதால் அளவுகோல் இனித் தேவையில்லை. இரண்டு மணிக்குமுன் வளாகத்திலிருந்து அகற்றவும். நான் அதை டனிஸ்ரனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் தன் அலுமாரியை வெறுமையாக்கினான். இரண்டு சப்பாத்து, ஒரு துவாய், நோவுக்குப் பூசுகிற எண்ணெய்.

பன்னிரண்டரைக்கு மஞ்சள் பஸ் வந்தது. அம்புறோஸ் கோவிலுக்குப் போடுகிற கோட்டுப் போட்டிருந்தார். கையில் ஒரு பெட்டி. மனைவி எலிசா விடியவே எழும்பி அறுபது றோல்ஸ் பொரித்திருக்கிறாள், குழுவில் உள்ளவர்களுக்கு. கழக மண்டப வாசலில் மதாம் ரொபித்தாய் பெட்டியை வாங்கி, சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் பின்வாசலால் வர வேண்டும் என்று அன்பாகச் சொன்னார். அவர் மெர்சி சொல்லிவிட்டு முன்வாசலால் உள்ளே வந்து கடைசி வரிசையில் நின்றார்.

விளக்கை அணைத்தார்கள். புகை விட்டார்கள். ஒலிபெருக்கியில் பிறைஸின் பெயர் வந்தது. அம்புறோஸும் கைதட்டினார். பத்திரிகைக்காரர் ஒருவர் றோல்ஸ் சாப்பிட்டபடி படம் எடுத்தார். புகை அடங்கி விளக்கு வந்தது. அம்புறோஸ் இன்னும் நின்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"தம்பி எமில், எங்கட ஆளை எப்ப கூப்பிடுவினம்?"

"வாங்கோ அண்ணை" என்று கூட்டிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனேன்.

டனிஸ்ரன் பந்துச் சாக்கின்மேல் இருந்தான். ஜக்கெற்றின் இடக்கை போட்டிருந்தது. வலக்கை தொங்கியது. அம்புறோஸ் அவனையும் வெறும் அலுமாரியையும் பார்த்தார்.

"கை ஏலாதோ?"

"ஏலும் அப்பா."

"தூக்கு பாப்பம்."

நெஞ்சளவுக்கு வந்தது. அதற்குமேல் வரவில்லை. அம்புறோஸ் கிட்டப் போய் அந்தக் கையைப் பிடித்து மெல்ல ஜக்கெற்றுக்குள் விட்டார்.

"எண்பத்துமூண்டு எறிஞ்ச கை" என்றார்.

"அது கணக்கில்லை அப்பா. அது சாதாரண மனுசன்ர. ரெண்டாவதுதான் என்ர."

அவர் ஜக்கெற்றின் சிப்பைப் பாதியில் பிடித்தபடி நின்றார். ஐந்து வருடமாக ஒருவரும் அவருக்கு விளங்கப்படுத்தாததை, அந்த இடத்தில், யாருடைய உதவியும் இல்லாமல் அவர் விளங்கிக்கொண்டார். அது முகத்தில் படிப்படியாக வந்தது.

"அப்ப முதல் ரெண்டும் வேணுமெண்டோ விட்டனீ?"

டனிஸ்ரன் இடது கையால் சப்பாத்துப் பையைக் கிட்ட இழுத்தான்.

"நான் வராம விட்டிருந்தா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அப்பா. பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கும்."

அம்புறோஸ் சிப்பைக் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டார். சப்பாத்துப் பையை அவர் எடுத்துக்கொண்டார். நான் பின்கதவைத் திறந்து பிடித்தேன். போறன் அங்கிள் என்றான் டனிஸ்ரன். நான் தலையாட்டினேன். எவரிடமும் முறையிடப் போகவில்லை. வேலை எனக்கும் வேண்டும். வெளியே பனி இறுகிக் கிடந்தது. அம்புறோஸ் முன்னால் இறங்கி, மகன் வழுக்கிவிடாமல் அவனுடைய இடது கையைப் பிடித்தார்.

கதவை இழுத்துச் சாத்தினேன். மண்டபத்தில் பிறைஸின் பெயரைத் திரும்ப வாசித்தார்கள், இம்முறை ஆங்கிலத்தில். திறப்பை இரண்டு தரம் திருப்பினேன். பூட்டு விழுந்ததா என்று கைபிடியை இழுத்துப் பார்த்தேன். விழுந்திருந்தது.